முன்வரிசையின் நடுவே

றக்பியில் 2ஆம் இலக்க ஜேர்சி ஹூக்கருக்கு உரியது. என் இருபதுகள் முழுவதும் அந்த ஜேர்சிக்குள்தான் போயின. ஸ்க்ரம் கட்டும்போது முன்வரிசையில் மூன்று பேர் நிற்போம். இரு பக்கமும் ப்ரொப், நடுவில் ஹூக்கர். என் கைகள் இரண்டும் அந்த இருவரின் முதுகையும் சுற்றிப் பிடித்திருக்கும். எதிரணியிலும் அதேபோல மூவர். அவர்கள் தலைகளுக்கிடையே எங்கள் தலைகள் நுழையும். பின்னால் நிற்கும் ஐந்து பேரின் பாரமும் எங்கள் முதுகுத்தண்டில் இறங்கும். ஸ்க்ரம் சரிந்தால் நிலத்தில் ஊன்ற எனக்குக் கை கிடையாது. என்னைத் தாங்குவது பக்கத்தில் நிற்கும் இருவரின் பொறுப்பு. பந்து உள்ளே வந்ததும் காலால் கொக்கிபோட்டுப் பின்னுக்கு இழுப்பது என் பொறுப்பு. அந்தத் தொழிலைச் செய்துதான் என் தங்கைகளைப் படிக்கவைத்தேன்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு உடம்பில் பலம் இருக்கிறது, அதனால் நன்றாக ஆடுகிறான்" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் பலம் மட்டும் யாரையும் ஆட்டக்காரர் ஆக்காது. சொல்லித் தர ஒருவர் வேண்டும். வயிறு நிறையச் சாப்பாடு வேண்டும். விழுந்து பழகச் சமதரை வேண்டும். ஆட்டத்தோடு சேர்ந்து மாதச் சம்பளம் தரும் ஒரு வேலை வேண்டும். இந்த நான்கும் ஒரே நேரத்தில் எனக்குக் கிடைத்தன. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்னைவிட வேகமாக ஓடியவர்களும் என்னைவிடத் துணிச்சலானவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இவற்றில் ஒன்றோ இரண்டோ கிடைக்காமல் போயின. சப்ரகமுவத் தோட்டங்களில் இன்று வளரும் பிள்ளைகளுக்கு நான்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்ட தாண்டித் தெரணியகலைக்குப் போகும் பாதையை ஒட்டியது. கீழ்ப்பக்கம் ரப்பர், மேலே தேயிலை. மலையகம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஹட்டனும் நுவரெலியாவும் பனியும்தான் நினைவுக்கு வரும். சப்ரகமுவவின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் வாழ்க்கை வேறு. இங்கே வெக்கையும் மழையும் அதிகம், அட்டை அதிகம். தோட்டங்கள் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கும். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். சாதாரணதரம் வரை படிக்கக்கூடிய தமிழ்ப் பாடசாலை பல இடங்களில் எட்டாத தூரத்தில் இருக்கும். அதனால் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் ஒரு மொழியுமாக வளர்வார்கள். 1977இலும் 1981இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டன. எங்கள் உறவிலும் போனவர்கள் உண்டு. மிஞ்சியவர்கள் யார் கண்ணிலும் படாமல் வேலையைப் பார்த்து வாழப் பழகிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பையன் மைதானத்தின் நடுவே போய் நின்று சிங்களப் பையன்களை டெக்கிள் செய்து வீழ்த்தப்போகிறான் என்றதும் என் அம்மா பயந்ததில் வியப்பில்லை.

"ஏன் தம்பி, ஓடுற விளையாட்டு ஏதாச்சும் இல்லையா? ஆளுமேல ஆளு விழுற விளையாட்டுத்தானா கெடைச்சிச்சு?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே கத்தியோடு மரங்களுக்குள் போய்விடுவார். பட்டை நனைந்திருந்தால் ரப்பர் பால் வெட்டின கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகிவிடும். ஆகையால் மழை என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் பேர் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. இரத்தினபுரியும் அதைச் சுற்றிய மலைச்சரிவும் இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெறும் பகுதிகளில் அடங்கும். எங்கள் வீட்டில் மழை என்றால் கடன். றக்பியிலோ மழை நாள் முன்வரிசைக்காரர்களின் நாள். பந்து வழுக்கும், கையிலிருந்து நழுவும், ஒவ்வொரு நழுவலுக்கும் ஒரு ஸ்க்ரம் கிடைக்கும். அப்பாவுக்குக் கூலியைப் பறித்த அதே மழையில் நான் கூலி சம்பாதிக்கத் தொடங்கினேன்.

இந்த ஆட்டம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. இலங்கையில் றக்பியைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர். 1879இல் கொழும்பில் முதல் ஆட்டம் நடந்தது. 1908இல் சங்கம் அமைந்தது. அந்தக் காலத்தில் ஆட்டத்தை வளர்த்தவர்களில் பெரும்பங்கு தோட்டத் துரைமார்களுடையது. ரதல்லையில் திம்புள்ளக் கழகம், தரவளையில் டிக்கோயா கழகம், பதுளையில் ஊவாக் கழகம், எங்கள் பக்கத்தில் அவிசாவளைக்கு அருகே தல்துவையில் களனிப் பள்ளத்தாக்குக் கழகம். மலைச்சரிவுகளுக்கு நடுவே நல்ல சமதரையைத் தேர்ந்தெடுத்து மைதானம் வெட்டியது எங்கள் முன்னோரின் மண்வெட்டி. புல் வெட்டியதும் சுண்ணாம்புக் கோடு போட்டதும் அவர்கள்தான். அப்பாவின் அப்பா துரைமார் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். 1972இல் காணிச் சீர்திருத்தம் வந்தது, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின, வெள்ளைத் துரைமார் கப்பலேறினார்கள். ஆட்டம் நகரத்துப் பாடசாலைகளிலும் கொழும்பு, கண்டிக் கழகங்களிலும் தங்கிவிட்டது. நூறு ஆண்டு காலம் மைதானத்தைப் பராமரித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மைதானத்தில் இறங்கி ஆடும் வாய்ப்பு மட்டும் வரவேயில்லை.

தமிழர்கள் இந்த ஆட்டத்தில் இல்லாமலும் இல்லை. றோயல் கல்லூரியில் படித்த சுமா நவரத்தினம் சி.ஆர். கழகத்துக்காக விங் நிலையில் ஆடினார், இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். 1950களில் ஆசியாவின் அதிவேக ஓட்டக்காரர்களில் ஒருவராகவும் பேசப்பட்டார். அவர் பெயரை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிமிர்வு பெரிது. ஆனால் அவர் வந்த வழி கொழும்பின் பெரிய பாடசாலை வழி. கிங்ஸ்வூட் 1891இல் தொடங்கிவைத்து, றோயலும் டிரினிட்டியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதி வளர்த்த வழி அது. லயத்திலிருந்து புறப்பட்டு அந்த வழியைப் பிடிக்க ஒரு கிளைப்பாதை தேவைப்பட்டது.

எனக்கு அந்தப் பாதையைத் திறந்தவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து நகரத்துச் சிங்களப் பாடசாலையொன்றுக்குப் போயிருந்தேன். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் றக்பி ஆடும் பாடசாலைகள் சில உண்டு. அவை பெரும்பாலும் கொழும்புப் பாடசாலைகளோடு ஒரே பிரிவில் ஆடுவதில்லை, தொலைக்காட்சியில் வருவதில்லை. அந்த ஆசிரியர் என் தோளையும் கழுத்தையும் பார்த்தார், உயரத்தைப் பார்த்தார். "மல்லி (தம்பி), நீ நடுவில் நில்" என்று சிங்களத்தில் சொன்னார். குள்ளமாக, அகலமாக இருப்பவனுக்கு இந்த ஆட்டத்தில் ஓர் இடம் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். றக்பியின் பெருந்தன்மை இது. உயரமானவன் லைன் அவுட்டில் தாவுவான், வேகமானவன் விங்கில் ஓடுவான், சின்னவன் ஸ்க்ரத்தின் பின்னாலிருந்து பந்தைப் பிரிப்பான், குட்டையானவன் முன்வரிசையைத் தாங்குவான். பதினைந்து உடம்புகளுக்கும் வெவ்வேறு வேலை.

அவர் முதலில் கற்றுத் தந்தது விழுவதை. பந்தைக் கையில் கொடுக்கவேயில்லை. முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் நிலத்தைத் தொட்டு, தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை நீட்டாமல் விழ வேண்டும். நீட்டிய கைதான் மணிக்கட்டிலும் தோள்மூட்டிலும் முறியும். அதற்குப் பிறகு டெக்கிள். முதலில் முழங்காலில் நின்று, பிறகு குந்தி, பிறகு நடந்து, கடைசியில்தான் ஓடி. எதிராளியின் இடுப்புக்குக் கீழே தோள் படவேண்டும். என் தலை அவன் உடம்புக்குப் பின்பக்கமாகப் போகவேண்டும். அவன் ஓடும் திசைக்கு முன்னால் தலை போனால் அவன் தொடை என் நெற்றியில் மோதும். நல்ல டெக்கிளில் தைரியத்தைவிடத் தலை இருக்குமிடமே பெரிது. அப்பாவின் கத்தியைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. வெட்டு மேலாகப் போனால் பால் இறங்காது, ஆழமாகப் போனால் மரம் புண்ணாகி அந்தப் பக்கம் பட்டையே சரியாக வளராது. பலசாலி அல்ல, அளவு தெரிந்தவனே நல்ல வெட்டுக்காரன். டெக்கிளும் அதேதான்.

சாப்பாட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் பருப்பும், சம்பளம் வந்த கிழமையில் கருவாடு, இடையில் சீனி போட்ட தேத்தண்ணி. இது வயிற்றை நிரப்பும், ஆனால் தசை வளர்க்காது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அளந்தபோது, நாட்டில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டத்துறையில் அது 32 சதவீதம். தோட்டத்துப் பிள்ளைக்கு இயல்பிலேயே பலம் உண்டு என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மலையேறி இறங்குவதில் கால் உறுதியாகும் என்பது உண்மை. முட்டையும் பாலும் மீனும் இல்லாமல் வளரும் எலும்பை அந்த உறுதி ஈடு செய்யாது. பயிற்சி முடிந்ததும் ஆசிரியர் தன் கைக்காசில் அவித்த முட்டையும் கடலையும் வாங்கித் தந்தார். எங்கள் அணியிலிருந்த வசதியான வீட்டுப் பையன்களின் தாய்மார், இரண்டு பேருக்குப் போதுமான சோற்றுப் பொதியைக் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். ஒரே இலையில் கைபோட்டுச் சாப்பிட்டோம். என் கழுத்து தடித்தது அந்தச் சோற்றில்தான். என் அம்மாவின் பயம் தணிந்ததும் அந்தத் தாய்மாரைக் கண்ட பிறகுதான்.

பாடசாலை முடிந்ததும் கொழும்பில் ஒரு கழகம் என்னை அழைத்தது. இலங்கையில் றக்பியால் மட்டும் வயிறு கழுவ முடியாது. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஆடுகிறவர்களுக்கு ஆட்டத்தோடு அரச உத்தியோகம் கிடைக்கிறது. சீருடை, சம்பளம், சாப்பாடு, பிற்காலத்தில் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. மற்றக் கழகங்களில் ஆடுகிறவர்களுக்குக் கழகத்தோடு தொடர்புள்ளவர்கள் தங்கள் கம்பனிகளில் வேலை கொடுப்பார்கள். எனக்கு ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வேலை. விடியற்காலையில் ஜிம், பகலில் களஞ்சியம், மாலையில் மைதானம், இரவில் பம்பலப்பிட்டியில் நான்கு பேர் தங்கிய அறை. சனி, ஞாயிறுகளில் ஆட்டம். நித்தவல, லோங்டன் பிளேஸ், ஹெவ்லொக் பார்க், பொலிஸ் பார்க், வெலிசர, ரத்மலானை என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு மைதானம். லீக் முடிந்தால் கிளிஃபர்ட் கிண்ணம். கண்டிக் கழகம் ஆண்டுக்காண்டு கிண்ணங்களை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களின் நித்தவலை மைதானத்தில் அவர்களுடைய ஸ்க்ரத்தை அசையாமல் தாங்கி நின்றாலே நாங்கள் வென்றதாக நினைத்துத் திரும்பி வருவோம்.

யுத்தமும் அந்த ஆண்டுகளில்தான். தமிழ்ப் பெயரோடு கொழும்பில் வாடகை அறையில் இருப்பவன் தன்னைப் பதிவு செய்துவைத்திருக்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். இரவு பயிற்சி முடிந்து வரும்போது சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். சேறு படிந்த பூட்ஸ், நனைந்த ஜேர்சி, கழுத்துக்குப் பூசும் தைலம் எல்லாம் வெளியே வரும். என் இரண்டு ப்ரொப்களும் சிங்களவர்கள். நான் தனியாகப் போவதை அவர்கள் விடவேயில்லை. ஆளுக்கொரு பக்கமாக நடந்து அறை வாசல்வரை வந்துதான் திரும்புவார்கள். ஸ்க்ரத்தில் என் எலும்பைத் தாங்கியவர்கள் வெளியிலும் அதையே செய்தார்கள். அவர்கள் பெயரை எழுத அனுமதி கேட்டேன், வேண்டாம் என்றார்கள். நன்றியை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

தொழிலின் உள்விஷயத்துக்கு வருகிறேன். ஹூக்கருக்கு இரண்டு வேலை. ஒன்று ஸ்க்ரம், மற்றது லைன் அவுட்டில் பந்து எறிவது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் இரு அணிகளும் இரண்டு வரிசையாக நிற்கும். நடுவே நேராக எறிய வேண்டும். முன்னால் நிற்பவனுக்கு என்றால் ஐந்தாறு மீற்றர், பின்னால் நிற்பவனுக்கு என்றால் பதினைந்து மீற்றர் வரை. தாவுகிறவனை இரண்டு பேர் தூக்குவார்கள். அவன் உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் பந்து அவன் விரலுக்கு வந்திருக்க வேண்டும். அவன் தாவிய பிறகு எறிந்தால் பிந்திவிடும். அவன் தாவப்போவதை நம்பி எறிய வேண்டும். நனைந்த பந்தில் இது இன்னும் கடினம். யாருக்கு எறிவது என்பதை எதிரணிக்குப் புரியாதபடி சங்கேதத்தில் சொல்வோம். எங்கள் கழகத்தில் சில காலம் தமிழ் எண்களைச் சங்கேதமாக வைத்திருந்தோம். சிங்களவரும் மலாயரும் பறங்கியரும் இருந்த அணி "ஏழு", "மூன்று" என்று கத்திக்கொண்டு நின்றதைக் கேட்பதில் எனக்கு இருந்த மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது.

ஸ்க்ரம் என் காலத்திலேயே முற்றிலும் மாறியது. 2007 முதல் நடுவர் "க்ரவுச், டச், போஸ், என்கேஜ்" என்று சொல்வார். கடைசிச் சொல்லுக்கு இரு முன்வரிசைகளும் இடைவெளி விட்டு நின்று ஒன்றன்மேல் ஒன்று பாயும். அந்த மோதலில் வென்றவர்களுக்கே பெரும்பாலும் பந்து. கழுத்துக்கு அது கொடிய அடி. 2013இல் உலக அளவில் விதி மாறியது. "க்ரவுச், பைண்ட், செட்." ப்ரொப்கள் முதலில் எதிராளியின் ஜேர்சியைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே சேர வேண்டும். பாயும் தூரம் குறைந்தது. மோதும் வேகத்தால் கழுத்தில் ஏறும் பாரம் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்ததாக அளந்து சொன்னார்கள். பந்தை நேராக உள்ளே விட வேண்டும் என்பதையும் நடுவர்கள் கடுமையாக்கினார்கள். தள்ளுவதில் மட்டும் காலம் கழித்த ஹூக்கர்கள் மறுபடி ஒற்றைக்காலில் நின்று பந்தைக் கொக்கி போடப் பழக வேண்டியிருந்தது. எட்டுப் பேரின் பாரம் எதிரிலிருந்து வரும்போது ஒரு காலைத் தூக்குவது இலேசான காரியமல்ல. முப்பதை நெருங்கிய உடம்போடு நான் அதைப் புதிதாகப் பழகினேன். என் தொழில்வாழ்வில் நான் மிகவும் பெருமைப்படும் காலம் அதுதான்.

2012இல் கொழும்புக்கு இன்னொரு ஆட்டம் வந்தது. அமெரிக்கக் கால்பந்தை இந்தியாவில் வேரூன்றச் செய்ய ஒரு லீக்கை முந்திய ஆண்டு அறிவித்திருந்தார்கள். மைக் டிட்கா, கேர்ட் வார்னர் போன்ற அமெரிக்க ஆட்டக்காரர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள். இந்திய நகரங்களின் அணிகளோடு கொழும்பு லயன்ஸ் என்ற இலங்கை அணியும் இருந்தது. முதற்பருவ ஆட்டங்கள் கொழும்பில் படமாக்கப்பட்டன. றக்பி ஆடும் பலருக்கு அழைப்பு வந்தது. பயிற்சி பார்க்க நானும் போனேன், ஹெல்மட்டையும் தோள்கவசத்தையும் மாட்டிப் பார்த்தேன். எங்களைப் போலவே நீள்வட்டப் பந்து. ஆனால் பந்தை முன்னால் எறியலாம். நான்கு முயற்சிகளில் பத்து யார் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் சில நொடிகளில் முடிந்து ஆட்டம் நின்றுவிடும். எங்கள் ஹூக்கர் இடத்தில் அங்கே சென்ரர் நிற்கிறான். குனிந்து பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்த அடுத்த கணமே எதிரில் நிற்பவனோடு மோதுவான். ஹெல்மட் போட்டதும் எனக்குள் நடந்த மாற்றத்தை உடனே உணர்ந்தேன். ஆசிரியர் வருடக்கணக்காகச் சொல்லித் தந்த 'தலையை ஒதுக்கு' என்ற எச்சரிக்கை தளர்ந்து, தலையை முன்னால் விடத் துணிவு வந்தது. கவசம் தரும் அந்தத் துணிவு எனக்கு அச்சமூட்டியது.

அந்த லீக் நம் நாட்டில் தங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அமெரிக்க ஆட்டக்காரர்களின் வாழ்க்கையை நான் தேடி வாசிக்கத் தொடங்கினேன். உலகிலேயே அதிகப் பணம் புரளும் லீக் அவர்களுடையது. இருந்தும் அங்கே ஓர் ஆட்டக்காரரின் தொழில்வாழ்வு சராசரியாக மூன்றரை ஆண்டுகூட இல்லை என்று அவர்களுடைய சங்கமே சொல்கிறது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்ரர் மைக் வெப்ஸ்டர் நான்கு முறை சுப்பர் போல் இறுதிப்போட்டியை வென்றவர். நினைவும் மனநிலையும் சிதைந்து 2002இல் 50 வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்த வைத்தியர் பெனற் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் உண்டாகும் சிதைவு நோயைக் கண்டு 2005இல் வெளியிட்டார். லீக் முதலில் ஏற்க மறுத்தது. பின்னர் முன்னாள் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த இழப்பீடு நூறு கோடி டொலரைத் தாண்டியது. எங்கள் ஆட்டமும் தப்பவில்லை. 2003இல் இங்கிலாந்து உலகக் கிண்ணம் வென்றபோது ஹூக்கராக நின்ற ஸ்டீவ் தொம்சன், தனக்கு இளவயது மறதிநோய் வந்திருப்பதையும், அந்த வெற்றியே நினைவில் இல்லை என்பதையும் 2020இல் வெளியே சொன்னார். அவர் என் இடத்தில் நின்றவர். அந்தச் செய்தியை வாசித்த அன்று என் இரண்டு ப்ரொப்களையும் தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் பேசினேன்.

என் உடம்பும் தன் கணக்கை எழுதிவைத்திருந்தது. கழுத்து நரம்பு இழுபட்டால் தோளிலிருந்து விரல்நுனி வரை எரிச்சல் ஓடும், கை சில நிமிடம் மரத்துவிடும். முன்வரிசைக்காரர்கள் இதை 'ஸ்டிங்கர்' என்பார்கள். முதலில் எப்போதாவது வந்தது, பிறகு அடிக்கடி வந்தது. வைத்தியர் படம் எடுத்துப் பார்த்து, கழுத்தெலும்புகளுக்கிடையே வட்டு தேய்ந்திருப்பதைக் காட்டினார். இன்னும் ஒரு பருவம் ஆடலாமா என்று கேட்டேன். "உங்கள் பிள்ளையைத் தூக்க வேண்டுமானால் ஆடாதீர்கள்" என்றார். முப்பதைத் தாண்டிச் சில காலத்தில் நிறுத்தினேன். களஞ்சிய வேலை கையில் இருந்ததால் நிறுத்த முடிந்தது. வேலையில்லாத ஆட்டக்காரன் வலியை மறைத்துக்கொண்டு ஆடுவான். ஆட்டக்காரனுக்கு ஆட்டத்துக்கு வெளியே ஒரு சம்பளம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அவன் தன் கழுத்தைப் பற்றி உண்மை பேசுவதற்கு அந்தச் சம்பளம் தேவை.

இப்போது விடுமுறை நாட்களில் எங்கள் பக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு டெக்கிளே கிடையாது. இடுப்பில் துணிப்பட்டி கட்டி, அதை உருவினால் பிடித்ததாகக் கணக்கு. பெண்பிள்ளைகளும் சேர்ந்து ஆடுகிறார்கள். பந்தை முதலில் புரிந்துகொள்கிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. பெரிய பிள்ளைகளுக்கு நான் கற்ற வரிசையிலேயே கற்பிக்கிறேன். விழுதல், பிறகு முழங்காலில் டெக்கிள், பிறகு நடை, பிறகு ஓட்டம். முன்வரிசைக்குப் பழகாதவனை ஒருபோதும் முன்வரிசையில் நிறுத்துவதில்லை. பழகிய முன்வரிசை இல்லாவிட்டால் தள்ளாமல் ஸ்க்ரம் கட்ட விதியே இடம் தருகிறது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஸ்க்ரத்தை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது என்றும் விதி இருக்கிறது. இந்த இரண்டு விதிகளையும் தெரியாமல் பிள்ளைகளை ஆடவிடும் பயிற்றுநரைக் கண்டால் பெற்றோர் தயங்காமல் கேள்வி கேட்க வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை அன்று மறுபடி மைதானத்தில் இறங்கக்கூடாது. "ஒன்னுமில்ல சேர், ஆடுறேன்" என்று அவன் சொன்னாலும் இறக்கக்கூடாது.

தரை இல்லாததுதான் பெரிய குறை. சரிவில் விழுந்தால் கால் மடியும், கல்லில் விழுந்தால் மண்டை உடையும். மண்சரிவு அபாயம் உள்ள இந்த மலைகளில் சமதரை என்பது வீடு கட்டவும் தேவைப்படும் அரிய பொருள். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து மக்கள் மண்ணுக்குள் போனதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. புதிய வீடமைப்புக்காகத் தோட்டங்களில் பாதுகாப்பான காணி ஒதுக்கும்போது, அதோடு பிள்ளைகளுக்கு ஒரு மைதானத்தையும் சேர்த்து ஒதுக்க வேண்டும். இன்று சில தோட்டங்களில், தொழிலாளரை வேலைக்குப் பிரித்தனுப்பும் பழைய பிரட்டுக்களமே எங்கள் மைதானம். முகாமையாளர்கள் சிலர் மனமுவந்து திறந்து விடுகிறார்கள். தோட்ட நிர்வாகம், பாடசாலை, பிரதேச சபை மூன்றும் சேர்ந்தால் கிழமைக்கு இரண்டு நாள் ஒரு மைதானமும், பயிற்சிக்குப் பிறகு ஆளுக்கொரு முட்டையும் கொடுப்பது பெரிய செலவல்ல. உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைத் தோட்டப் பாடசாலைக்கு நிரந்தரமாக நியமிப்பதும் அரசால் முடியாத காரியமல்ல.

எல்லாப் பிள்ளைகளும் கழகத்துக்குப் போகப்போவதில்லை. போக வேண்டியதும் இல்லை. ஆனால் முறையாக விழக் கற்ற பிள்ளைக்கு உடம்பின் அளவு தெரியும். ஸ்க்ரத்தில் நின்ற பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பவனைத் தாங்கத் தெரியும், தன்னைத் தாங்கச் சொல்லிக் கேட்கவும் தெரியும். யார் கண்ணிலும் படாமல் வாழப் பழகிய எங்கள் சமூகத்துக்கு, மைதானத்தின் நடுவே உரத்த குரலில் பெயர் சொல்லி அழைக்கப்படும் பிள்ளைகள் தேவை. அவர்களில் ஒருவன் நாளை 2ஆம் இலக்க ஜேர்சியை அணிவானானால், அவன் கழுத்து பத்திரமாக இருக்கும்படி அவனைத் தயார்செய்து அனுப்புவது என் வேலை. அவனுக்குத் தரையும் சாப்பாடும் வேலையும் கிடைக்கச் செய்வது நம் எல்லோருடைய வேலை.